திரைக்கதை வாசிப்புக்கு நடிகர்களைத் தேர்ந்தெடுப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சென்னையில் சின்னப் பட்ஜெட்டில் சுயாதீனப் படம் எடுக்க முயலும் நண்பர்களுக்காக இதுவரை ஏழெட்டு டேபிள் ரீட் நடத்திக் கொடுத்திருக்கிறேன். ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய இதே கேள்விகள்தான் வருகின்றன. போனில் திரும்பத் திரும்பச் சொன்ன பதில்களை இங்கே எழுதி வைக்கிறேன். கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்டபடியே விட்டிருக்கிறேன்.

டேபிள் ரீட்னா என்ன? ரிகர்சல் மாதிரிதானே?

இல்லை. நடிகர்கள் ஒரு மேசையைச் சுற்றி, மேசை இல்லாவிட்டால் பாயில் வட்டமாக, உட்கார்ந்து முழுத் திரைக்கதையையும் முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை சத்தமாக வாசிப்பதுதான் டேபிள் ரீட். ஆளுக்கொரு பாத்திரம். காட்சி விவரங்களைத் தனியாக ஒருவர் வாசிப்பார். எழுந்து நடிப்பதோ மனப்பாடம் செய்வதோ கிடையாது. ரிகர்சலில் நடிகர் தயாராகிறார். ரீடிங்கில் எழுத்து சோதிக்கப்படுகிறது. கீழே உள்ள பாதி பதில்கள் இந்த ஒரு வித்தியாசத்திலிருந்து வருபவைதான்.

நம் ஊரில் இதற்கான தேவை அதிகம். தமிழ் சினிமாவில் கதை என்பது பெரும்பாலும் வாயால் சொல்லி ஓகே வாங்குவது. இயக்குநர் தயாரிப்பாளரிடமோ நாயகனிடமோ இரண்டு மணி நேரம் கதை சொல்வார், பின்னணி இசையைக்கூட அவரே வாயால் போட்டுவிடுவார். எழுத்தில் இருக்கும் ஓட்டைகளை அவருடைய குரலும் கண்ணும் கையும் அடைத்துவிடும். படத்தில் அந்தக் குரல் வராது. பத்துப் பேர் வேறு வேறு வாயால் வாசிக்கும்போதுதான் ஓட்டை எங்கே இருக்கிறது என்று தெரியும்.

சும்மா படிக்கிறதுக்கு எதுக்கு ஆடிஷன்? ஃப்ரெண்ட்ஸைக் கூப்பிட்டா போதாதா?

முதல் முறை நானும் நண்பர்களை வைத்துத்தான் செய்தேன். ஒரு அண்ணன் தம்பி சண்டைக் காட்சி. தம்பியாக வாசித்த நண்பன் செய்தி வாசிப்பது போல் ஒரே சுருதியில் வாசித்தான். காட்சி செத்துக் கிடந்தது. எழுத்துதான் மோசம் என்று முடிவு செய்து அதை வெட்டிவிட்டோம். ஒரு வருடம் கழித்து, வேறு காரணத்துக்காக, ஒரு மேடை நடிகர் அதே பக்கங்களை வாசித்தார். அறையில் யாரும் அசையவில்லை. காட்சியில் குறையே இல்லை, வாசிப்பில்தான் குறை. மோசமான வாசிப்பு உங்களைத் தவறான இடத்தில் கத்தரிக்கோல் வைக்க வைக்கும். ஆடிஷன் அதைத் தவிர்ப்பதற்குத்தான்.

ஸ்கிரிப்ட் எந்த ஸ்டேஜ்ல இருக்கும்போது பண்ணணும்?

கடைசிக் காட்சி வரை எழுதி முடித்த பிறகு, லொக்கேஷனுக்கு அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்பு. "கிளைமாக்ஸ் மட்டும் யோசிச்சிட்டிருக்கேன்" என்கிற நிலையில் நடிகர்களைக் கூப்பிடாதீர்கள். அவர்கள் நேரம் வீண். உங்களுக்கும் கிடைப்பது பாதிக் கதைக்கான கருத்துகள்தான்.

எனக்கு நடிகர்களே தெரியாது. எங்க தேடுறது?

முதலில் நாடகக்காரர்களிடம் போங்கள். எழுத்தை வாயால் உயிர்ப்பிப்பது அவர்களுக்குத் தினசரி வேலை. நாடக ஆசிரியர் ந. முத்துசாமி 1977-இல் தொடங்கிய கூத்துப்பட்டறை என்ற நாடகக் குழுவிலிருந்து பசுபதி, கலைராணி, குரு சோமசுந்தரம் என்று எத்தனை பேர் சினிமாவுக்கு வந்தார்கள் என்று எல்லோருக்கும் தெரியும். அங்கே மட்டும் நிற்க வேண்டாம். புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தில் நிகழ்கலைத் துறை இருக்கிறது. கோவில்பட்டியில் மணல்மகுடி நாடகக் குழு இருக்கிறது. கல்லூரி நாடகக் குழுக்கள் இருக்கின்றன. சென்னையில் வார இறுதியில் ஏதாவது ஒரு சின்ன அரங்கில் நாடகம் நடக்கும். டிக்கெட் வாங்கிப் போய்ப் பாருங்கள், முடிந்ததும் பேசுங்கள். நாடகத்தைப் பார்த்துவிட்டுக் கூப்பிடுகிற இயக்குநருக்குக் கிடைக்கும் மரியாதையே வேறு.

மதுரை, புதுக்கோட்டைப் பக்கம் ஸ்பெஷல் நாடகம் நடிப்பவர்களையும் மறந்துவிடாதீர்கள். ராஜபார்ட் (நாயகன்), ஸ்திரீபார்ட் (நாயகி), பபூன் (கோமாளி) என்று தனித்தனியாக ஒப்பந்தமாகி, கூட நடிப்பவரோடு ஒரு ஒத்திகையும் இல்லாமல் அன்று ராத்திரி மேடையில்தான் சந்திப்பார்கள். விடிய விடிய நாடகம் நடக்கும். எதிரில் இருப்பவர் என்ன சொல்கிறார் என்று காது கொடுத்துப் பதில் சொல்லும் அந்தப் பழக்கம் ரீடிங்குக்கு அவ்வளவு பொருத்தம். டப்பிங் கலைஞர்களும் தாளைப் பார்த்ததும் பேசுவதில் கெட்டிக்காரர்கள். ஒரே ஒரு விஷயம், சிலர் எல்லா வரியையும் மெருகேற்றிப் பேசிவிடுவார்கள். "சாதாரணமா பேசுங்க" என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

அறிவிப்புல என்னென்ன போடணும்?

முதல் வரியிலேயே "இது திரைக்கதை வாசிப்புக்கான தேர்வு, படத்துக்கான நடிகர் தேர்வு அல்ல" என்று எழுதுங்கள். பெரிய எழுத்தில். அதைப் போட்டால் ஆள் குறைவாக வருவார்கள் என்று பயந்து மறைப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். இரண்டு பஸ் மாறி, வேலைக்கு லீவு போட்டு வருகிற ஒருவருக்கு நாம் செய்யக்கூடாத காரியம் அது.

அப்புறம், தேதி, இடம், ரீடிங் எத்தனை மணி நேரம், எவ்வளவு பணம், என்ன வட்டார வழக்கு, பாத்திரங்களின் வயது. உடல் அளவு, நிறம், முழு உருவப் படம் எதுவும் கேட்க வேண்டாம். குரலுக்கு அது எதற்கு? அதையெல்லாம் கேட்டால், வரக்கூடிய நல்ல நடிகைகள் பாதிப் பேர் அந்த வரியிலேயே அறிவிப்பை மூடிவிடுவார்கள்.

ஆடிஷன்ல எந்த சீனைக் கொடுக்கிறது? முன்னாடியே அனுப்பணுமா?

அழுகைக் காட்சியையும் கத்துகிற காட்சியையும் கொடுக்காதீர்கள். எல்லோரும் ஏதோ ஒரு விதத்தில் அழுதுவிடுவார்கள். இரண்டு பேர் ஒன்றைப் பேசிக்கொண்டு மனதில் வேறொன்றை வைத்திருக்கும் காட்சியாக, இரண்டு அல்லது மூன்று பக்கம் கொடுங்கள். கடனைக் கேட்க வந்தவன் குழந்தையின் ஸ்கூல் ஃபீஸ் பற்றி விசாரித்துக்கொண்டிருக்கும் காட்சி மாதிரி.

ஒரு பகுதியை முந்தின நாளே அனுப்பிவிடுங்கள். இன்னொரு அரைப் பக்கத்தை அங்கேயே கொடுத்து, ஐந்து நிமிடம் பார்க்க விட்டு வாசிக்கச் சொல்லுங்கள். முதலாவதில் அவர் எப்படித் தயாராகிறார் என்று தெரியும். இரண்டாவதில் கண் வரிக்கு முன்னால் ஓடுகிறதா என்று தெரியும். நூறு பக்கத்தை ஒரே மூச்சில் வாசிக்க வேண்டியவருக்கு இரண்டாவது ரொம்ப முக்கியம்.

அப்போ எதைப் பார்த்து மார்க் போடுறது?

நான் மார்க் போடுவதில்லை. மூன்று விஷயங்களைக் கவனிக்கிறேன். தட்டுத் தடங்கல் இல்லாமல் வருகிறதா. எதிரில் இருப்பவர் வாசிக்கும்போது இவர் கேட்கிறாரா, இல்லை தன் அடுத்த வரியின் மேல் விரலை வைத்துக்கொண்டு காத்திருக்கிறாரா. "இதே வரியை, அவருக்கு உண்மை தெரியும்னு நினைச்சுச் சொல்லுங்க" என்று ஒரு குறிப்பு கொடுத்தால் அடுத்த முறை ஏதாவது மாறுகிறதா. கேட்பவர்தான் எனக்கு முதல் தேர்வு. குரல் கொஞ்சம் சுமாராக இருந்தாலும் பரவாயில்லை.

இதனால் எதிர்வரி (எதிரில் இருக்கும் பாத்திரத்தின் வசனம்) வாசிக்கவும் ஒரு நல்ல நடிகரை உட்கார வையுங்கள். செல்போனைப் பார்த்துக்கொண்டு எதிர்வரி வாசிக்கும் உதவி இயக்குநருக்கு முன்னால் யாராலும் கேட்டுக் காட்ட முடியாது. ஒருவருக்குக் குறைந்தது பதினைந்து நிமிடம் ஒதுக்குங்கள். ஒரு நாளில் இருபது பேருக்கு மேல் பார்த்தால் நம் காது மழுங்கிவிடும்.

நல்லா நடிக்கிறார், ஆனா படிக்கும்போது திணறுறார். விட்டுடலாமா?

உடனே விட்டுவிடாதீர்கள். தாளைப் பாருங்கள். நம் உதவி இயக்குநர்களில் பலர் வசனத்தை ஆங்கில எழுத்தில் தட்டச்சு செய்கிறார்கள். "பள்ளி", "பல்லி" இரண்டும் அதில் ஒரே மாதிரி வந்து நிற்கும். ஊர்ப்புறத்திலிருந்து வந்த நடிகர் எழுத்துக் கூட்டித்தான் வாசிக்க முடியும். இன்னொரு பக்கம், சென்னையில் ஆங்கிலப் பள்ளியில் படித்த சிலருக்குத் தமிழ் எழுத்து வேகமாக ஓடாது. இரண்டு வடிவத்திலும் அச்சடித்து வைத்து, "உங்களுக்கு எது வசதி?" என்று கேட்டுவிடுங்கள். எழுத்தைப் பெரிதாக வையுங்கள். ஒரு வசனம் பக்கம் மாறும் இடத்தில் உடையாமல் பாருங்கள்.

வாசிக்கவே தெரியாத, ஆனால் அபாரமான கூத்துக் கலைஞர் ஒருவர் ஒருமுறை வந்தார். அவர் பேத்தி பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு வரியாகக் காதில் சொல்ல, அவர் அதைப் பேசினார். முழு ரீடிங்குக்கு அது ஒத்துவராது என்பதால், அவருடைய நான்கு காட்சிகளை மட்டும் முந்தின நாள் சொல்லிக்கொடுத்து அழைத்தோம். அன்றைக்கு எல்லோருக்கும் ஞாபகம் இருந்தது அவருடைய நான்கு காட்சிகள்தான்.

கதை கோயமுத்தூர்ல நடக்குது. சென்னை நடிகர் படிச்சா ஓகேவா?

முக்கியப் பாத்திரங்களில் ஒருவராவது அந்த மண்ணின் பேச்சு உள்ளவராக இருக்கட்டும். வட்டார வழக்கைக் கற்றுக்கொண்டு பேசுபவர் நீங்கள் எழுதியதைத்தான் வாசிப்பார். அங்கே பிறந்தவர் எழுதியதைத் திருத்துவார். ஒரு கொங்குக் கதையில் "சொந்தக்காரங்க வீட்டுக்கு வந்திருக்காங்க" என்று ஒரு வரி. பொள்ளாச்சிப் பக்கத்து அக்கா ஒருவர் அதை வாசிக்கும்போது தன்னை அறியாமல் "ஒரம்பரை வந்திருக்காங்க" என்று சொல்லிவிட்டு, "மன்னிச்சுக்குங்க, தாள்ல அப்படி இல்லீங்க" என்றார். எழுத்தாளர் பேனாவை எடுத்து அந்த இடத்திலேயே மாற்றினார். அந்த ஒரு சொல்லில் வீடு, திண்ணை, விருந்து எல்லாம் வந்துவிட்டது.

தமிழில் டப்பிங் வழக்கம் நீண்ட காலமாக இருப்பதால், பேச்சைப் பிறகு சரிசெய்துகொள்ளலாம் என்ற எண்ணம் நமக்கு ஊறிவிட்டது. நேரடி ஒலிப்பதிவில் எடுக்கப் போகிறீர்கள் என்றால் அந்தப் "பிறகு" கிடையாது. பேச்சு வழக்கின் பிசகுகளை ரீடிங்கிலேயே பிடித்துவிடுங்கள்.

நேர்ல வர முடியாதவங்க வீடியோ அனுப்பினா எடுத்துக்கலாமா?

முதல் வடிகட்டலுக்கு ஆடியோ போதும். வாட்ஸ்அப் வாய்ஸ் நோட்டே போதும். கேட்கிறாரா என்பது அதில் தெரியாது என்பதால் கடைசித் தேர்வை நேரிலோ வீடியோ அழைப்பிலோ இன்னொருவரோடு வாசிக்க வைத்துச் செய்யுங்கள். பதிவு செய்வதாக இருந்தால் முன்கூட்டியே கேட்டு, தேர்வு முடிந்ததும் அழித்துவிடுங்கள்.

பட்ஜெட்டே இல்லை. நடிகர்களுக்குப் பணம் கொடுக்கணுமா?

ஆடிஷனுக்கு வருபவர்களிடம் ஒரு ரூபாய்கூட வாங்கக்கூடாது. பதிவுக் கட்டணம், போர்ட்ஃபோலியோ கட்டணம் என்று கேட்பவர்கள் படம் எடுப்பவர்கள் இல்லை.

ரீடிங்குக்குத் தேர்வானவர்களுக்குக் கொடுங்கள். எங்கள் கடைசி ரீடிங்கில் ஆளுக்கு 1,000 ரூபாயும், வந்து போகிற செலவும், மதியச் சாப்பாடும். பெரிய தொகை இல்லைதான். ஆனால் கவரில் போட்டு, வாசிப்பு முடிந்த உடனே, கேட்காமலே கையில் கொடுத்தோம். பன்னிரண்டு பேருக்கு அதுவும் முடியாது என்றால் பாத்திரங்களைச் சேர்த்து ஆறு பேராகக் குறைத்து, அந்த ஆறு பேருக்குக் கொடுங்கள்.

ஒருத்தரே ரெண்டு மூணு ரோல் படிக்கலாமா? நானே ஒரு ரோல் படிக்கலாமா?

சின்னப் பாத்திரங்களைச் சேர்க்கலாம். ஒரே காட்சியில் அவர் தனக்குத் தானே பேசிக்கொள்ளும்படி மட்டும் ஆகிவிடக் கூடாது. அதற்காக ஆடிஷனிலேயே ஒரு பக்கத்தை இரண்டு வேறு ஆட்களாக வாசிக்கச் சொல்லிப் பார்ப்பேன்.

எழுத்தாளரும் இயக்குநரும் எதையும் வாசிக்கக் கூடாது. நீங்கள் அங்கே கேட்கத்தான் உட்கார்ந்திருக்கிறீர்கள். காட்சி விவரங்களை வாசிக்கவும் தனியாக ஒருவரைத் தேர்ந்தெடுங்கள். எல்லோரும் அலட்சியமாக விடும் இடம் இது. அதிகம் பேசப் போவது அவர்தான். அவர் இழுத்தால் படம் இழுக்கும்.

கையில் ஒரு ஸ்டாப்வாட்ச் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பக்கம் ஒரு நிமிடம் என்ற கணக்கு கூரியர் எழுத்துருவில் 12 புள்ளி அளவில் அடித்த ஆங்கிலத் திரைக்கதைக்கு வந்தது. தமிழ் எழுத்துருவுக்கு அது பொருந்தாது.

கதையைத் திருடிட்டாங்கன்னா?

எழுத்தாக இருக்கும் திரைக்கதைக்குக் காப்புரிமை (காப்பிரைட்) எழுதிய உடனே வந்துவிடுகிறது. 1957-ஆம் ஆண்டின் காப்புரிமைச் சட்டப்படி பதிவு கட்டாயமில்லை, ஆனால் வழக்கு என்று வந்தால் பதிவு கைகொடுக்கும். காப்புரிமை அலுவலகத்தில் இலக்கியப் படைப்பாகப் பதிய 500 ரூபாய் கட்டணம். சென்னையில் தென்னிந்தியத் திரைப்பட எழுத்தாளர்கள் சங்கத்திலும் உறுப்பினர்கள் கதையைப் பதிவு செய்கிறார்கள். ஆடிஷன் தேதிக்கு முன்னாலேயே இதை முடித்துவிடுங்கள்.

ஒன்று தெரிந்திருக்க வேண்டும். வெறும் கருவுக்குக் காப்புரிமை இல்லை, அதை எழுதிய விதத்துக்குத்தான் உண்டு. 1978-இல் ஆர்.ஜி. ஆனந்த் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது அதுதான். அதனால் ஆடிஷனில் கதைச் சுருக்கம் சொல்லிக்கொண்டிருக்காமல், அந்த இரண்டு மூன்று பக்கத்தை மட்டும் கொடுங்கள். முழுப் பிரதியை வாசிப்புக்குத் தேர்வானவர்களுக்கு மட்டும், ஒவ்வொரு பக்கத்திலும் அவர் பெயர் அச்சிட்டுக் கொடுங்கள். ஒரு பக்க ரகசியக் காப்பு ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்குவதில் தப்பில்லை. அதை மிரட்டல் போல நீட்டாமல் தமிழில் எழுதி, வாசிக்க நேரம் கொடுங்கள். என் அனுபவத்தில் நடிகர்கள் யாரும் கதையை வெளியே கொண்டுபோனதில்லை.

பெண்கள் வரத் தயங்குறாங்க. எப்படிக் கூப்பிடுறது?

தயங்குவதில் நியாயம் இருக்கிறது. லாட்ஜ் அறையிலும் யாரோ ஒருவரின் ஃபிளாட்டிலும் ஆடிஷன் வைக்காதீர்கள். நூலக அறை, நடனப் பள்ளி, பயிற்சிக் கூடம் என்று ஆள் நடமாட்டம் உள்ள இடத்தில், பகல் நேரத்தில், கதவைத் திறந்து வைத்து நடத்துங்கள். தேர்வுக் குழுவில் ஒரு பெண்ணாவது இருக்க வேண்டும், பெயரளவுக்கு இல்லாமல் முடிவெடுப்பவராக. கூட யாரையாவது அழைத்து வரலாம் என்று அறிவிப்பிலேயே போடுங்கள்.

பணியிடப் பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான 2013-ஆம் ஆண்டுச் சட்டம் சம்பளமில்லாமல் தன்னார்வமாக வேலை செய்பவரையும் ஊழியராகவே கணக்கில் எடுக்கிறது. பத்துப் பேருக்குக் குறைவான குழு என்றால் புகாரை மாவட்ட அளவிலான உள்ளூர்க் குழுவிடம் கொடுக்கலாம். "நாங்க சின்ன டீம்தானே" என்பது பதில் ஆகாது. அந்தத் தகவலைச் சுவரில் ஒட்டி வைத்தோம். ஒரு பெண் அதைப் படித்துவிட்டு, கூட வந்த தம்பியிடம் "நீ கிளம்பு, நான் பாத்துக்கிறேன்" என்று சொல்லி அனுப்பினார்.

கதையில நெருக்கமான காட்சி, கெட்ட வார்த்தை எல்லாம் இருக்கு. ஆடிஷன்ல அதைப் படிக்கச் சொல்லலாமா?

ஆடிஷனில் வேண்டாம். முன்பு சொன்ன மூன்று விஷயங்களில் எதைத் தெரிந்துகொள்ளவும் அந்தக் காட்சி தேவையில்லை. ஆனால் கதையில் அது இருக்கிறது என்பதை அப்போதே சொல்லிவிடுங்கள், சாதிப் பெயர் சொல்லித் திட்டும் வசனங்கள் இருந்தால் அதையும் சேர்த்து. அந்த வரிகளை வாசிக்கும் வாய்க்கும் வலிக்கும், எதிரில் கேட்பவருக்கும் வலிக்கும். ரீடிங்கில் வேறு யாராவது அதை வாசிக்கலாம், அல்லது "இங்கே திட்டுகிறான்" என்று விவரணையில் கடந்துவிடலாம். மறுப்பதற்கு யாரும் காரணம் சொல்லத் தேவையில்லை.

பத்து வயசுப் பையன் கேரக்டர் இருக்கு. குழந்தையைக் கூப்பிடலாமா?

பெரும்பாலும் தேவைப்படாது. மென்மையான குரலுள்ள பெரியவர் ஒருவர் வாசித்தால் போதும். குழந்தையால் மூன்று மணி நேரம் உட்கார முடியாது. பெரியவர்கள் கதையையும் அது கேட்க வேண்டியிருக்கும். குழந்தையின் வாயில் வசனம் பொருந்துகிறதா என்று பார்க்கத்தான் வேண்டும் என்றால், அவனுடைய காட்சிகளை மட்டும் இன்னொரு நாள், பெற்றோர் பக்கத்தில் இருக்க, அரை மணி நேரத்தில் முடியுங்கள்.

ரீடிங்ல படிச்சவங்களுக்கே படத்துல ரோல் கொடுக்கணுமா?

கடமை இல்லை. ஆனால் நம்பிக்கை கொடுத்திருந்தால் கடமை வந்துவிடுகிறது. "பார்க்கலாம் தம்பி", "உங்களை மனசுல வெச்சிருக்கேன்" போன்ற வார்த்தைகளைச் சொல்லாதீர்கள். சென்னையில் நடிகர்கள் அந்த வார்த்தைகளை நம்பி மாதக்கணக்கில் தாடி வளர்க்கிறார்கள், ஊருக்குப் போகாமல் இருக்கிறார்கள்.

நான் சொல்வது இதுதான்: "இது வாசிப்புக்கு மட்டும். படத்துக்கு ஆள் எடுக்கும்போது உங்களுக்கும் தகவல் சொல்வேன், அப்போது எல்லோரையும் போல நீங்களும் வரலாம்." சொன்னபடி தகவலும் சொல்லிவிட வேண்டும். தயாரிப்பாளர் வேறு முகம் கேட்டார் என்றால் அதையும் போன் செய்து சொல்லுங்கள். போஸ்டரைப் பார்த்து அவர் தெரிந்துகொள்ளக் கூடாது.

செலக்ட் ஆகாதவங்களுக்கு என்ன சொல்றது? சொல்லாம விட்டா புரிஞ்சுக்க மாட்டாங்களா?

சொல்லுங்கள். ஒரு வாரத்துக்குள், இரண்டு வரி போதும். காரணம் கேட்டால் மட்டும், அதுவும் வாசிப்பைப் பற்றி மட்டும் சொல்லுங்கள்.

நடிகர் வரியை மாத்திப் படிக்கிறார். தடுக்கணுமா?

ஆடிஷனில் முதல் முறை தாளில் இருப்பதை அப்படியே வாசிக்கச் சொல்லுங்கள், எழுத்தைச் சோதிக்க வந்திருக்கிறோம் என்பதால். இரண்டாம் முறை அவர் வாய்க்கு வருகிறபடி பேச விடுங்கள். "ஒரம்பரை" போன்றவை அப்போதுதான் வரும்.

ஒரு அம்மா பாத்திரத்துக்கு நான் பதினொரு வரி வசனம் எழுதியிருந்தேன், மகன் வீட்டை விட்டுப் போகும்போது பேசுவதற்கு. எழுதியபோது நானே கண் கலங்கினேன். ஆடிஷனுக்கு வந்த ஐம்பது வயது நடிகை இரண்டு வரி வாசித்துவிட்டுத் தாளை மடியில் வைத்தார். "தம்பி, இவ்வளவு பேசுற பொம்பளைன்னா மூணாவது சீன்லயே பேசியிருப்பாளே" என்றார். அப்புறம் தாளைப் பார்க்காமல், "சாப்டுட்டுப் போ" என்று மட்டும் சொன்னார். மீதி ஒன்பது வரியை யாரும் வாசிக்கவில்லை. அவரைத்தான் ரீடிங்குக்கு அழைத்தோம்.

எல்லாரும் பிரமாதமா படிச்சிட்டாங்க. ஸ்கிரிப்ட் நல்லா இருக்குன்னு நம்பலாமா?

முழுதாக நம்ப வேண்டாம். மேலே சொன்ன அண்ணன் தம்பிக் காட்சியின் மறுபக்கம் இது. திறமையான நடிகர்கள் நொண்டி வசனத்தையும் நடக்க வைத்துவிடுவார்கள். அதனால் அவர்கள் எங்கே உழைத்தார்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள். ஒரு வரிக்கு முன்னால் மூச்சை இழுத்துக்கொள்கிறார்கள் என்றால், தேவையில்லாத இடத்தில் குரலை உயர்த்துகிறார்கள் என்றால், அங்கே எழுத்து அவர்களைத் தாங்கவில்லை.

சுற்றி உட்கார்ந்து கேட்பவர்களையும் பாருங்கள். நான் திரைக்கதைப் பிரதியின் ஓரத்தில், யார் எப்போது தண்ணீர் பாட்டிலைத் திறக்கிறார்கள், யார் மீதம் எத்தனை பக்கம் என்று புரட்டிப் பார்க்கிறார்கள் என்று பென்சிலால் குறிப்பேன். கடைசி ரீடிங்கில் 62-ஆம் பக்கத்தில் நான்கு பேர் புரட்டினார்கள். வாசித்தவர் அன்றைக்கு வந்தவர்களிலேயே சிறந்த நடிகர்.